தம்பி நாயுடு

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போரைப் பற்றிப் படிப்போர் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நன்கு அறிவர். அதே போரில் 14 முறை சிறை சென்ற மற்றொருவரின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. அவர்தாம் கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு.

தம்பி நாயுடு 1875 ஆம் ஆண்டு மொரீசியஸ் தீவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி அத்தீவுக்குச் சென்றவர்கள். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்த நாயுடு, திரான்ஸ்வால் மாகாணத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க் நகரில் வணிகமும் வண்டி வாடகைத் தொழிலும் செய்து வாழ்ந்தார். பள்ளிக் கல்வி அவருக்குப் பெரிதாக வாய்க்கவில்லை. ஆயினும் தமிழும் ஆங்கிலமும் கற்றிருந்தார். இந்துஸ்தானியும் தெலுங்கும் ஓரளவு பேசினார். மொரீசியஸ் மக்களின் கிரியோல் மொழியையும் ஆப்பிரிக்கர்களின் மொழியையும் அறிந்திருந்தார். இத்தனை மொழிகளையும் அவருக்குக் கற்பித்தவை கடைத்தெருவும் துறைமுகமுமே எனலாம். போராட்டத்தில் இறங்கிய நாளில் அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

அந்நாளில் திரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர்கள் ஆங்கிலப் பேரரசின் குடிகள் என்றே அழைக்கப்பட்டனர். ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஒதுக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் நிலம் வாங்க இயலாது. வரி செலுத்தும் கடமை மட்டும் மற்றவர்களைப் போலவே இருந்தது. இந்நிலையில் 1907 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆசிய நாட்டவர் ஒவ்வொருவரும் பத்து விரல்களின் பதிவையும் கொடுத்துச் சான்று பெறவேண்டும். காவலர் எங்குக் கேட்டாலும் அதனைக் காட்டவேண்டும். தவறினால் சிறை அல்லது நாடு கடத்தல். குற்றவாளிகளை நடத்துவதுபோல ஓர் இனத்தையே நடத்திய அச்சட்டத்தை மக்கள் கறுப்புச் சட்டம் என்றனர்.

பதிவு அலுவலகங்களின் வாயிலில் தொண்டர்கள் நின்று, பதிவு செய்ய வருவோரிடம் சட்டத்தின் தீமையை எடுத்துரைத்தனர். அத்தொண்டர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் இருந்தனர். வருவோரைத் தடுக்கவோ ஏசவோ கூடாது. கேளாமல் உள்ளே செல்வோருக்கும் மரியாதை குறையக்கூடாது என்பது விதி. ஜோகன்னஸ்பர்க் தொண்டர்களின் தலைவராக விளங்கியவர் தம்பி நாயுடு. இதில் ஒரு வியப்பு உண்டு. நாயுடு இயல்பிலேயே கடுஞ்சினம் கொண்டவர். உடல் வலிமையும் மிக்கவர். அச்சினம் மட்டும் இல்லாதிருந்தால் அவரே சமூகத்தின் தலைவராகியிருக்கக் கூடும் எனக் காந்தியடிகள் கருதினார். அத்தகையவர் நாள்தோறும் பொறுமையைக் காத்ததுடன், பிறரையும் காக்கச் செய்தார். ஏறத்தாழ 13,000 ஆசியர் வாழ்ந்த மாகாணத்தில் சுமார் 500 பேரே பதிவு செய்தனர்.

அரசு தலைவர்களைச் சிறையிலிட்டது. 1908 ஆம் ஆண்டு சனவரி மாதம் சிறைக்குள்ளிருந்தே அரசுக்கு ஓர் உடன்பாட்டுக் கடிதம் சென்றது. அதில் மூவர் கையொப்பமிட்டனர். ஒருவர் காந்தியடிகள், ஒருவர் சீனர்களின் தலைவர் லியுங் குவின், மூன்றாமவர் தம்பி நாயுடு. மக்கள் தாமே முன்வந்து பதிவு செய்வர். அரசு கட்டாயச் சட்டத்தை நீக்கவேண்டும் என்பதே உடன்பாட்டின் சாரம். கட்டாயப் பதிவை எதிர்த்தவர்கள் இப்போது தாமே பதிவுக்கு இசைந்தது ஏன் என்று பலர் ஐயுற்றனர். நாட்டில் வாழ்வோர் யாவர் என அறிய விரும்பும் அரசுக்கு மனமுவந்து உதவுவது குடிமக்களின் கடமை. இனத்தின் பெயரால் அச்சுறுத்திக் கைரேகை வாங்குவது இழிவு. செயல் ஒன்றேயாயினும் பொருள் வேறு. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாத சிலர், பிப்ரவரி 10 ஆம் நாள் பதிவு செய்யச் சென்ற காந்தியடிகளை வழியில் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடு குறுக்கே பாய்ந்து தம் உடலில் அடிகளைத் தாங்கினார்.

அரசோ சட்டத்தை நீக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் நாள், 2,000க்கும் மேற்பட்ட சான்றுகள் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மசூதியின் திடலில் எரிக்கப்பட்டன. அதன்பின் நாயுடுவின் வாழ்க்கை சிறைக்கும் வீட்டுக்கும் இடையே கழிந்தது. தொழில் நலிந்தது. குடும்பத்தைக் காக்கும் சுமை மனைவி வீரம்மாள்மீது விழுந்தது. சிறையிலிருந்து வெளிவந்த நாள்களில் நாயுடு பொதுப்பணியிலேயே ஈடுபட்டார். தெருவில் மூட்டையைத் தலையில் சுமந்து செல்லவும் அவர் நாணியதில்லை.

நேட்டால் மாகாணத்தில் நிலைமை இன்னும் கொடிது. ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளர் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். 16 வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளுக்கும் 13 வயது நிரம்பிய பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே வரி உண்டு. ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 சில்லிங்; ஒரு பவுனுக்கு 20 சில்லிங். ஒருவரது வரிக்கே ஆறு மாதச் சம்பளம் போய்விடும் என்றால், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

1913 ஆம் ஆண்டு, கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்படும் தீர்ப்பொன்றும் வெளிவந்தது. அதுவரை வீட்டிலிருந்த பெண்களும் களத்தில் இறங்கினர். அவ்வாண்டு அக்டோபரில், பெரும்பாலும் தமிழராகிய பெண்கள் குழு ஒன்று தம்பி நாயுடுவின் துணையுடன் நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றது. அவர்களுள் வீரம்மாளும் ஒருவர். சிலர் இடுப்பில் கைக்குழந்தைகள் இருந்தன. தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்கள் தமிழில் பேசிய பேச்சு விரைந்து பரவியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பர் 6 ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளுடன் எல்லை கடந்து நடந்தனர்.

1914 ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்கள் ஏற்கப்பட்டன. காந்தியடிகள் இந்தியா திரும்பவிருந்த வேளையில், தம்பி நாயுடுவும் வீரம்மாளும் தம் மைந்தர் நால்வரை அவரிடம் ஒப்படைத்தனர். தாம் காணாத நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்கள் மட்டும் ஜோகன்னஸ்பர்க்கிலேயே தங்கினர். வரி நீங்கியதே தவிர, வாக்குரிமை வரவில்லை என்பதை நாயுடு அறிந்திருந்தார்.

அவர் 1933 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் மறைந்தார். இந்தியர்களைத் தன் நிலையான மக்களாகத் தென்னாப்பிரிக்க அரசு ஏற்றது 1961 இல்தான். அதன்பின்னும் போராட்டம் தொடர்ந்தது. நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். 1994 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் அந்நாட்டில் எல்லா இனத்தவரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர்.