தோற்றுக் காட்டி வென்ற நடிகர்

நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும் கதாநாயகனையே போற்றுவது நம்மவர் வழக்கம். வெல்பவனுக்கே மாலையும் கரகோஷமும். ஆனால், அவன் வெல்வதற்கு எதிரே நின்று தோற்பவன் ஒருவன் வேண்டுமே! அவனை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அத்தகைய வேடங்களைத் தாங்கியே அழியாப் புகழ் பெற்றவர் காலஞ்சென்ற டி. எஸ். பாலையா அவர்கள்.

1914ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலே சுண்டங்கோட்டைக் கிராமத்தில் பிறந்த அவர், இளமையிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், முகபாவம் விளங்க வேண்டும் என்பது அக்கால மேடையின் விதி. அங்கு பெற்ற பயிற்சி இறுதிவரை அவருக்குக் கைகொடுத்தது.

1936இல் 'சதி லீலாவதி' மூலம் அவர் திரைக்கு வந்தார். எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். கதாநாயகனைக் குடிப்பழக்கத்தில் ஆழ்த்தும் வஞ்சகன் வேடம் பாலையாவுக்கு. அவ்வஞ்சகத்தால் வாழ்விழந்த கதாநாயகன், நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கூலியாளாய் உழைப்பதாகக் கதை செல்கிறது.

வில்லன் வேடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1949இல் 'வேலைக்காரி'யில் அறிவுரை கூறும் நண்பனானார். 1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்துவானானார். 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. ஆயினும், அவர் முகத்தில் ஏறும் பயமே நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது.

இவை யாவற்றினும் சிறந்தது, 1965இல் வெளிவந்த 'திருவிளையாட'லில் அவர் ஏற்ற ஏமநாத பாகவதர் வேடம் என்பது நம் கருத்து. விறகு விற்ற படலத்தை நாம் அறிவோம். பாண்டியன் அவையிலே தன் இசைக்கு நிகரில்லை என்று அறைகூவிய பாகவதர், விறகுவெட்டியாய் வந்த இறைவனின் பாட்டைக் கேட்டு, இரவோடிரவாக மதுரையை விட்டு அகல்கிறார். முன்னர் அவையிலே பாலையா காட்டிய செருக்கு அத்தனை மெய்யாயிருந்தபடியாற்றான், பின்னர் அது கரையும்போது நம் உள்ளமும் நெகிழ்கிறது. அந்தச் செருக்கு பொய்யாய்த் தோன்றியிருந்தால், இறைவனின் திருவிளையாடலும் சுவை குன்றியிருக்கும்.

1972இல் பாலையா மறைந்தார். அவருடைய வாழ்வு இளைஞராகிய நமக்குச் சொல்வதொன்றுண்டு. சங்கத்து நாடகமென்றால் எல்லோரும் இராசா வேடத்தையே கேட்கிறோம். விழாவென்றால் மேடை நாற்காலியையே நாடுகிறோம். தோற்கும் வேடத்தைத் தருவதும், பந்தற்கால் நடச் சொல்வதும் நமக்கு அவமானமாய்ப் படுகின்றன. இவ்வெண்ணத்தினாலேயே நல்ல முயற்சிகள் பல பாதியில் நின்றுவிடுகின்றன. கிடைத்த வேடம் சிறிதோ பெரிதோ, அதைக் குறைவறச் செய்தவர் பாலையா. அடுத்த ஆண்டு நாடகத்துக்கு வேடம் பகிரும்போது அவரை ஒருகணம் நினைப்போமாக.