குழந்தைகளுக்கு நாடாளுமன்றம் அமைத்த படை மருத்துவர்

புது தில்லி: ரவீந்திரநாத் தாகூர் 1911-ல் வங்க மொழியில் எழுதிய 'தபால் நிலையம்' நாடகம், 1942 ஜூலை 18-ல் போலந்துத் தலைநகர் வார்சாவில் அரங்கேறியது. நாஜிக்கள் சுவர் எழுப்பி யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதி அது. நடித்தவர்கள் அங்கிருந்த அநாதை இல்லத்தின் குழந்தைகள். நோயுற்று அறைக்குள் அடைபட்டிருக்கும் சிறுவன் அச்சமின்றி மரணத்தை எதிர்கொள்ளும் கதையை அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தவர், இல்லத்தின் தலைவர் யானுஷ் கோர்ச்சாக்.

ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட் என்பது அவரது இயற்பெயர். ரஷியப் பேரரசின் ஆளுகையில் இருந்த வார்சாவில், 1878-ஆம் ஆண்டு வாக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றதும் 1905-ல் ரஷிய-ஜப்பானியப் போருக்கு அழைக்கப்பட்டு, மஞ்சூரியாவில் படை மருத்துவராகப் பணிபுரிந்தார்.

ஊர் திரும்பியவர் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். நோயைத் தீர்த்தாலும் குழந்தை மீண்டும் வறுமைக்கும் அடிக்கும் திரும்ப நேர்வதைக் கண்டு, கல்விப் பணிக்கு வந்தார். 1912-ல் கிரோக்மால்னா தெருவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற ஆசிரியை அதன் நிர்வாகத்தில் அவருக்குத் துணை நின்றார்.

போர் அவரை விடவில்லை. முதல் உலகப் போரில் மீண்டும் ரஷியப் படையில் பணி. குழந்தை வளர்ப்பு குறித்த தமது புகழ்பெற்ற நூலைப் போர்முனையிலேயே எழுதத் தொடங்கினார். பின்னர் சுதந்திரப் போலந்தின் ராணுவத்தில் மேஜர் பதவி வகித்தார். அப்போது அவரைத் தாக்கிய டைஃபஸ் காய்ச்சல், பணிவிடை செய்த தாயையும் தொற்றி, 1920-ல் அவரது உயிரைப் பறித்தது.

கோர்ச்சாக்கின் இல்லத்தில் குழந்தைகளுக்கென நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இயங்கின. நீதிபதிகளும் குழந்தைகளே. சட்டத் தொகுப்பின் தொடக்கப் பிரிவுகள் அனைத்தும் மன்னிப்பையே வழங்கின. ஆசிரியர்களும் விசாரணைக்கு உட்பட்டனர்; அரையாண்டுக்குள் ஐந்து முறை கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். 1926-ல் குழந்தைகளே எழுதும் வார இதழையும் தொடங்கினார். குழந்தை இன்றைக்கே முழு மனிதப் பிறவி. மதிப்பைப் பெற அது வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே அவரது கொள்கை.

1939-ல் ஜெர்மனி படையெடுத்தபோது பழைய ராணுவச் சீருடையை மீண்டும் அணிந்தார். யூதர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கைப்பட்டையை அணிய மறுத்தார். 1940-ல் இல்லம் அடைப்புப் பகுதிக்கு மாற்றப்பட்டபோது, குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டி பறிமுதல் செய்யப்பட்டது. அதைத் திரும்பக் கேட்கச் சீருடையுடன் சென்றவர் சிறையில் அடைக்கப்பட்டார்.

நாடகம் நடந்த நான்காம் நாள், வார்சா யூதர்களை வதை முகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிச் செல்ல நண்பர்கள் செய்த ஏற்பாடுகளை ஏற்கெனவே நிராகரித்திருந்த கோர்ச்சாக், ஏறத்தாழ 200 குழந்தைகளுடன் ரயில் நிலையத்துக்கு நடந்தார். ஸ்டெஃபானியாவும் உடன் சென்றார். டிரெப்ளிங்கா முகாமிலிருந்து அவர்களில் யாரும் திரும்பவில்லை.

குழந்தைகள் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என 1978-ல் ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989-ல் நிறைவேறிய அந்த உடன்படிக்கையில் 1992-ல் இந்தியா இணைந்தது. பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்யும் பிரிவு, நாடாளுமன்றம் 2009-ல் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.