டன்பர் பள்ளி தந்த டாக்டர் ட்ரூ

ஒரு பள்ளிக்கூடத்தின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? வானளாவிய கட்டடத்தைக் கொண்டா? தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டா? அலமாரியில் அடுக்கி வைத்த வெற்றிக் கோப்பைகளைக் கொண்டா? இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், அங்கிருந்து புறப்பட்டுச் சென்றவர் பிறருக்கு எவ்வாறு பயன்பட்டனர் என்பதே இறுதியில் நிற்கும் அளவுகோல். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட ஓர் அரசுப் பள்ளியையும், அங்கே பயின்ற மருத்துவ மேதை சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூவையும் ஒருசேர நினைக்கும்போது இவ்வுண்மை தெளிவாகும்.

அடித்தளத்தில் பிறந்த பள்ளி

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிவுற்று அடிமைமுறை ஒழிந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1870-இல், வாஷிங்டன் நகரின் பதினைந்தாம் தெருவிலிருந்த ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் கறுப்பின மாணவர்க்கான உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. வெள்ளையர் பள்ளிகளில் அவர்களுக்கு இடமில்லை என்ற அநீதியின் விளைவே அப்பள்ளி. 1891-இல் எம் தெருவில் தனிக் கட்டடம் பெற்று, அத்தெருவின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1916-இல் மேலும் பெரியதொரு கட்டடத்திற்கு மாறியபோது, மறைந்த கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது.

அநீதியின் நடுவே அப்பள்ளிக்கு ஒரு வியப்பான பேறு வாய்த்தது. உயர்பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர்க்குப் பெரும் பல்கலைக்கழகங்கள் பதவி தர மறுத்தன. அதனால் கல்லூரிகளில் பாடம் நடத்தத் தக்கவர் பலர் இப்பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தனர். ஹார்வர்டில் 1912-இல் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் இங்கே கற்பித்தவர். அடிமைத் தாயின் வயிற்றில் 1858-இல் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர் 1902 முதல் 1906 வரை இதன் தலைமையாசிரியர். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் மட்டும் போதும் என்ற கருத்து ஓங்கியிருந்த காலம் அது. அவரோ இலத்தீன், கணிதம், வரலாறு என எதையும் குறைக்காமல் கற்பிக்க வேண்டுமென்று உறுதியாய் நின்றார். அதன் பொருட்டு எழுந்த பூசலில் பதவியையும் இழந்தார். ஆயினும் பின்னர் அதே பள்ளிக்கு இலத்தீன் ஆசிரியராகத் திரும்பி வந்து, அப்பணியில் இருந்தபடியே 1925-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1899-இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுவாக நடத்தப்பட்ட தேர்வில், மூன்று வெள்ளையர் பள்ளிகளுள் இரண்டை இப்பள்ளி விஞ்சியது என்றால் அதன் தரத்திற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விளையாட்டிலும் இதே கண்டிப்பு நிலவியது. ஹார்வர்டில் உடற்பயிற்சிக் கல்வி கற்று வந்த எட்வின் ஹெண்டர்சன் என்னும் ஆசிரியர், வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளில் கூடைப்பந்தாட்டத்தை அறிமுகப்படுத்தினார். பள்ளிகளுக்கிடையே முறையான போட்டிகளையும் அமைத்தார். உடலையும் அறிவையும் இரு கண்களாகப் போற்றிய இச்சூழலுக்குள்தான் 1918-இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நுழைந்தான்.

ஆடுகளத்து நாயகன்

சார்லஸ் ட்ரூ 1904 ஜூன் 3 அன்று வாஷிங்டனில் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்குத் தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி. தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர் சார்லஸ். பன்னிரண்டு வயதிலேயே நாளிதழ் விற்றதோடு, வேறு சிறுவர்களையும் சேர்த்து அதை ஓர் ஒழுங்கான தொழிலாக நடத்தினார். பிற்காலத்தில் ஆயிரமாயிரம் பேரிடம் குருதி திரட்டிய அமைப்பாற்றலின் முதல் தளிர் அது எனலாம்.

டன்பர் பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, ஓட்டம் என எதிலும் அவர் முன்னின்றார். சிறந்த விளையாட்டு வீரருக்கான ஜேம்ஸ் வாக்கர் நினைவுப் பதக்கத்தை இருமுறை பெற்றார். 1922-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும், விளையாட்டுத் திறனுக்காக ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி உதவித்தொகை அளித்து அவரை ஏற்றுக்கொண்டது. டன்பரிலிருந்து அக்கல்லூரிக்குச் சென்றவர்களுள் பின்னாளில் கூட்டரசின் முதல் கறுப்பின நீதிபதியான வில்லியம் ஹேஸ்டியும் ஒருவர். ஒரு பள்ளி தன் பிள்ளைகளுக்கு வெளியூரில் வழி திறந்து வைக்கும் தொண்டும் கல்வித்தொண்டே அன்றோ?

மாணவ நண்பர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஆடுகளத்தில் ஒளிர்ந்த ட்ரூ, ஆம்ஹர்ஸ்டில் மதிப்பெண்ணில் ஒளிரவில்லை. நடுத்தர மாணவராகவே நின்றார். அவரை மருத்துவத்தின்பால் திருப்பியவை இரண்டு துயரங்கள். 1920-இல் அவருடைய தங்கை எல்சி காசநோயோடு சளிக்காய்ச்சலும் சேர்ந்து உயிர் நீத்தாள். கல்லூரியில் கால்பந்தாட்டத்தில் காயமுற்று அவர் மருத்துவமனையில் கிடந்த நாள்களும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தின.

மூடிய கதவும் திறந்த கதவும்

மருத்துவம் பயிலக் கையில் பணமில்லை. 1926 முதல் இரண்டாண்டுகள் பால்டிமோரின் மார்கன் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் கற்பித்து, விளையாட்டுத் துறையையும் நடத்திப் பொருள் சேர்த்தார். பின்னர் விண்ணப்பித்தபோது, ஹோவர்டு பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்தில் வேண்டிய அளவு பயிலவில்லை என்று கூறி இடம் மறுத்தது. ஹார்வர்டு ஓராண்டு காத்திருக்கச் சொன்னது. அவர் காத்திருக்கவில்லை. எல்லை கடந்து கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1928-இல் சேர்ந்தார்.

அங்கே நடுத்தர மாணவர் மறைந்தார். ஓட்டக் குழுவின் தலைவராய் விளங்கிக்கொண்டே நரம்பு மண்டல உடற்கூற்றியலில் பரிசு பெற்றார். 1933-இல் 137 மாணவர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். இருபத்தைந்து வயதுக்குப் பின்னர் மலர்ந்த மலர் அது! ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கண்டு ஒரு பிள்ளையின் வாழ்வுக்கே தீர்ப்பெழுதிவிடும் பெற்றோரும், என்னைப் போன்ற ஆசிரியரும், இதை மனத்தில் பதித்தல் நன்று.

மெக்கிலில் ஜான் பீட்டி என்னும் பேராசிரியர் குருதி ஏற்றும் சிகிச்சையில் அவருக்கு ஆர்வம் ஊட்டினார். 1935-இல் தாயகம் திரும்பிய ட்ரூ, முன்னர்த் தமக்கு இடம் மறுத்த ஹோவர்டிலேயே ஆசிரியரானார். 1938-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு ஆய்வு செய்யச் சென்றார்.

சேமித்த குருதி

முதல் குருதி வங்கியை நிறுவியவர் ட்ரூ என்று எழுதுவோர் உளர். அது சரியன்று. அவ்வகை வங்கி 1937-இலேயே சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் தோன்றிவிட்டது. சேமித்த குருதி ஏன் கெடுகிறது, எவ்வளவு நாள் தாங்கும், எக்கலத்தில் எக்குளிரில் வைப்பது என்பவற்றை நுணுகி ஆராய்ந்து, பெரிய அளவில் செயற்படுத்தும் முறையை வகுத்ததே ட்ரூவின் சாதனை. முழுக்குருதி அக்காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரமே தாங்கியது. சிவப்பணுக்களைப் பிரித்துவிட்டால் எஞ்சும் பிளாஸ்மா என்னும் நீர்மம் நெடுநாள் தாங்கும். போர்க்களத்தில் குருதியிழந்து அதிர்ச்சியுற்றவர்க்கு உடனடியாக ஏற்றவும் உதவும். இவ்வாய்வுக்காக 1940-இல் கொலம்பியா அவருக்கு மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அவ்வாண்டு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின்மீது குண்டுமாரி பொழிந்தன. பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பொறுப்பு ட்ரூவிடம் வந்தது. நியூயார்க் மருத்துவமனைகள் பலவற்றிலும் குருதி எடுக்கும் முறையை ஒருசீராக்கினார். கிருமி கலவாதபடி ஒவ்வொரு படியிலும் சோதனை வைத்தார். சில மாதங்களில் 14,000-க்கும் மேற்பட்டோர் குருதி வழங்கினர்; 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கடல் கடந்தது. 1941 தொடக்கத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடித் திட்டத்தையும் நடத்தி, நடமாடும் குருதி ஊர்திகளுக்கு வழிகோலினார்.

குருதிக்கும் நிறம் கண்டனர்

அவர் அப்பணியை முடித்து 1941 ஏப்ரலில் ஹோவர்டுக்குத் திரும்பிய பின்னர் நிகழ்ந்தது நெஞ்சைப் பிளப்பது. இராணுவத்தின் விருப்பப்படி, கறுப்பினத்தவரின் குருதியே வேண்டாவென்று செஞ்சிலுவைச் சங்கம் அவ்வாண்டு விலக்கியது. எதிர்ப்பு எழவே, 1942-இல் ஏற்றுக்கொண்டு தனியே பிரித்து வைத்தது. குருதித் திட்டத்திற்கு வடிவம் கொடுத்தவரின் குருதியே அத்திட்டத்தில் தீண்டப்படாததாயிற்று! மனிதக் குருதியில் இனவேறுபாடு காண அறிவியலில் எவ்வித ஆதாரமும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். 1944-இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் அவரைச் சிறப்பித்தது. அவ்வழக்கமோ 1950-இல்தான் செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒழிந்தது. அதைக் காண அவர் இல்லை.

கண்டித்ததோடு அவர் அமையவில்லை. ஹோவர்டின் அறுவை மருத்துவத் துறைத் தலைவராக, வெள்ளையரும் மறுக்க முடியாத தேர்ச்சியுடைய கறுப்பின மருத்துவர்களை உருவாக்குவதே தம் உண்மையான பணி என்று கொண்டார். 1941-க்கும் 1950-க்கும் இடையே அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பின மருத்துவருள் பாதிக்கும் மேற்பட்டோர் அவரிடம் நேரே பயின்றவர். டன்பரின் ஆசிரியர்கள் தமக்குச் செய்ததை அவர் அடுத்த தலைமுறைக்குச் செய்தார்.

ஒரு மரணமும் ஒரு கட்டுக்கதையும்

1950 ஏப்ரல் 1 விடியலில், டஸ்கீகி நகர மருத்துவமனையில் ஆண்டுதோறும் நடைபெறும் மருத்துவ முகாமுக்கு மூன்று மருத்துவர்களுடன் காரில் சென்றுகொண்டிருந்தார். வடக்குக் கரோலினாவின் பர்லிங்டன் அருகே, வண்டியோட்டிய ட்ரூ அயர்ந்து கண்மூட, கார் கவிழ்ந்தது. உடன் வந்தோர் பிழைத்தனர். அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தைந்து.

வெள்ளையர் மருத்துவமனை அவருக்குக் குருதி தர மறுத்ததால் இறந்தார் என்றொரு கதை பரவிற்று; இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. உண்மை வேறு. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காக்க முயன்றனர். காயமோ காக்கக் கூடியதாக இல்லை. உடனிருந்த மருத்துவரும் இதை உறுதி செய்துள்ளார். அக்காலத்தில் கறுப்பினத்தவர் பலரை மருத்துவமனைகள் திருப்பியனுப்பியது மெய்யே. அதனாலன்றோ மக்கள் அக்கதையை நம்பினர்! ஆயினும், நடந்த அநீதியை எடுத்துரைக்க நடவாத கதை நமக்குத் தேவையில்லை. சான்றின்றி எதையும் ஏற்காத அறிவியலாளருக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவே.

நிறைவாக

1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியது. டன்பர் மற்றப் பள்ளிகளைப்போல் அப்பகுதி மாணவர்க்கான பொதுப் பள்ளியாயிற்று. 1916-இல் எழுந்த கட்டடம் 1970-களில் இடிக்கப்பட்டது. 2013-இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. சுவர்கள் வரும், போகும். கூப்பர் அம்மையார் குறைக்க மறுத்த பாடமும் ஹெண்டர்சன் வகுத்த ஆடுகளமும் ட்ரூவாகி, ட்ரூ பயிற்றிய மருத்துவர்களாகி, எத்தனையோ உயிர்களைக் காத்தன.

நம் முன்னோரும் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டியே கல்விக்கூடங்களை எழுப்பினர். அவற்றைக் காத்து வரும் பெரியோர், நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று எந்தப் பாடத்திலும் எந்த ஆட்டத்திலும் குறைத்துக்கொள்ளாதிருப்பாராக! மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியின் பெருமையை நாளை அளக்கப் போகும் அளவுகோல் நீங்களே.