வைத்தியர் வில்லியம் வித்தரிங்

இங்கிலாந்து தேசத்து ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் வெல்லிங்டன் என்னும் சிற்றூரில், வைத்தியர் ஒருவரின் மகனாக, 1741-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ந் தேதி வில்லியம் வித்தரிங் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் பயின்று 1766-ல் பட்டம் பெற்றார். அந்நாளில் தாவர நூல் அவருக்கு வேப்பங்காயாய்க் கசந்தது. ஆசிரியர் அளிப்பதாகச் சொன்ன பொற்பதக்கமும் அவர் மனத்தைத் திருப்பவில்லை. பின்னர் ஸ்டாபர்ட் நகரில் தொழில் நடத்துங்கால், ஹெலினா குக்ஸ் என்னும் மங்கையார் அவரிடம் சிகிச்சை பெற்றார். மலர்களை ஓவியமாகத் தீட்டுவது அம்மங்கையாருக்கு வழக்கம். அவர் பொருட்டுப் பூக்கொய்யப் புறப்பட்ட வைத்தியர் 1772-ல் அவரை மணந்ததுமன்றி, 1776-ல் பிரிட்டன் தேசத்துச் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் இயற்றினார். பதக்கத்தால் ஆகாதது வேறொன்றால் ஆயிற்று!

1775-ல் அவர் பர்மிங்ஹாம் நகருக்குக் குடியேறினார். அவ்வாண்டிலே, ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர் குடும்ப இரகசியமாகக் காத்துவந்த மருந்தொன்றைக் குறித்து அவருடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டது. தேர்ந்த வைத்தியர் கைவிட்ட நீர்வீக்க நோயாளிகளும் அதனாற் சில வேளை பிழைத்தனராம். அதிற் கலந்த மூலிகைகள் இருபது அல்லது அதற்கு மேலும் இருக்கும். அவற்றுள் செயலுடையது டிஜிட்டாலிஸ் இலையே என்று வித்தரிங் எளிதிற் கண்டுகொண்டார். ஊதாநிற மணிகளைத் தொடுத்தாற்போலப் பூக்கும் அச்செடி அந்நாட்டில் எங்கும் காணப்படுவது, நஞ்சென்று பெயரெடுத்ததுங்கூட.

இலையைக் கண்டது ஒரு நாள் வேலை. அளவைக் கண்டது பத்தாண்டு வேலை. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏழை நோயாளிகளை அவர் இலவசமாகப் பார்த்துவந்தார். தொடக்கத்தில் அவர் கொடுத்த அளவு மிகையாயிற்று. நோயாளிகள் வாந்தியால் வருந்தினர். வேரின் வலிமை பருவந்தோறும் மாறுவதாற் பயனில்லை யென்று விடுத்து, பூக்குங்காலத்து இலையைப் பறித்து உலர்த்திப் பொடித்து, ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை நாளொன்றுக்கு இருமுறை என்று வரையறுத்தார். வயிறோ, நாடியோ, சிறுநீரோ, மலமோ மாற்றங்காட்டிய அக்கணமே மருந்தை நிறுத்துக வென்பது அவர் விதி. 1785-ல் வெளியிட்ட நூலில் தாம் மருந்திட்ட 163 நோயாளிகளின் வரலாற்றைக் குணமானதும் ஆகாததுமாக ஒன்றுவிடாமல் வைத்தார். பயன்பட்டவற்றை மட்டும் பொறுக்கியெடுத்திருந்தால் புகழ் பெருகியிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

நீர்வீக்கத்திற்கு மூலம் பெரும்பாலும் இருதயத் தளர்ச்சியே என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. எனினும் இருதயத்தின் ஓட்டத்தை இம்மருந்து ஆளுகின்றதென்று எழுதிவைத்தார். காரணம் பிற்காலத்தே விளங்கிற்று. இருதயத்தின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் சோடியத்தை வெளியே இறைத்துப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் ஏற்றம் ஒன்றுண்டு. அதனை 1957-ல் கண்டறிந்தவர் டென்மார்க்கு தேசத்து ஸ்கூ. டிஜிட்டாலிஸ் அவ்வேற்றத்தைத் தடுக்கிறது. உள்ளே சோடியம் மிகுகிறது, அதனாற் கால்சியம் வெளியேறாது தங்குகிறது, துடிப்பு வலுக்கிறது. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போது, அக்கலக்கம் கீழறைகளுக்கு முழுதும் இறங்காதபடி வேகஸ் நரம்பின் வழியாக இம்மருந்து தணிக்கிறது, நடுக்கத்தையே ஒழிப்பதன்று. அளவு சற்று மிஞ்சினாலோ, அதே கால்சியம் பெருகி, இருதயம் தாளந்தப்பித் துடித்து உயிருக்கே இறுதியாகும். 1930-ல் இதன் இனச்செடியொன்றிலிருந்து பிரிக்கப்பட்ட டிகாக்ஸின் இன்றும் வழங்குகிறது. அதனைக் கையாளும் வைத்தியரும் அதே குறுகிய வரப்பின்மேல்தான் நடக்கின்றனர்.

வித்தரிங்குக்கு மனவருத்தம் விளைத்தவர் நண்பரான எராஸ்மஸ் டார்வின். இவரே வித்தரிங்கைப் பர்மிங்ஹாமுக்கு வரத் தூண்டியவர். பிற்காலத்துச் சார்ல்ஸ் டார்வினுக்குப் பாட்டனார். தம் நோயாளி ஒருவருக்கு வித்தரிங் இம்மருந்தை அளித்ததை நேரிற் கண்டிருந்தும், 1780-ல் அச்செய்தியை வெளியிட்டபோது அவர் பெயரைக் குறிக்கவில்லை. நட்பு முறிந்தது. நூலை விரைந்து வெளியிட இதுவுமொரு தூண்டுதலாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

நெடுங்காலம் சுவாசநோயால் மெலிந்த வித்தரிங், குளிர்காலத்தைக் கழிக்க இருமுறை லிஸ்பன் நகருக்குச் சென்றும் பயன் காணாது, 1799-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ந் தேதி பர்மிங்ஹாமில் உயிர்நீத்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய கோயிலிலுள்ள அவருடைய நினைவுக்கல்லில் டிஜிட்டாலிஸ் செடி செதுக்கப்பட்டிருக்கின்றது.