எந்தக் குலத்திலும் சேராதவர்களைப் படைத்த லீ பிரக்கெட்

நம் பிள்ளைகளில் சிலர் சனி, ஞாயிறுகளில் மேசையைச் சுற்றியிருந்து ஸ்டார் வோர்ஸ் பாத்திர விளையாட்டு ஆடுகிறார்கள். தாளில் ஓர் ஆளை எழுதி, பகடை உருட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை நகர்த்துகிற விளையாட்டு அது. புதிதாகச் சேர்பவர்களில் ஒருவராவது அதே விருப்பத்தோடு வருவார். ஃபோர்ஸ் என்கிற அந்த மாயசக்தி வேண்டும், ஆனால் ஜெடாய் சங்கமும் வேண்டாம், சித் பக்கமும் வேண்டாம். நம் வழக்கில் சொன்னால், மடமில்லாத சித்தர்.

விருப்பம் நியாயமானதுதான். ஆனால் எழுதி முடிந்ததும் அந்த ஆள் பெரும்பாலும் வெறும் முகமூடியும் வாளும் திமிருமாக நிற்பார். இரண்டாம் வாரமே மேசையில் அலுப்புத் தட்டிவிடும். இப்படியான தனியாட்களை உயிரோடு எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அந்த விளையாட்டு வெளிவருவதற்கு 9 ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார். எங்கள் மேசையில் இப்போதும் அவரைத்தான் பாடமாக வைத்திருக்கிறோம்.

லீ பிரக்கெட் 1915 டிசம்பர் 7 அன்று லொஸ் ஏஞ்சல்சில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தந்தை போய்விட்டார். தாயும் பாட்டனாரும் கடற்கரையோரத்தில் வளர்த்தார்கள். சிறுமியாக இருந்தபோது எட்கார் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கிரக நாவல் ஒன்று கையில் கிடைத்தது. அதற்குப் பிறகு அவருக்குச் செவ்வாய்தான் சொந்த ஊர். முதல் கதை 1940 பிப்ரவரியில் 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்தது. ஆனால் அவருடைய மனம் ஒட்டியது 'பிளானட் ஸ்டோரிஸ்' என்கிற மலிவுத்தாள் இதழோடு. அறிவியலைக் கறாராக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அதைத் தரக்குறைவாகப் பார்த்த காலம் அது. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1944-ல் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். அதை வாசித்த இயக்குநர் ஹோவர்ட் ஹொக்ஸ், எழுதியவர் ஆண் என்று நினைத்து ஆளனுப்பினார். வந்து நின்றது 28 வயதுப் பெண். வில்லியம் ஃபோக்னரோடு சேர்ந்து 'தி பிக் ஸ்லீப்' படத்துக்குத் திரைக்கதை எழுதும் வேலை கிடைத்தது. அதற்காக, பாதியில் நின்ற ஒரு விண்வெளிக் கதையை இளைஞரான ரே பிராட்பரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை பிராட்பரி முடித்தார். 1946 டிசம்பர் 31 அன்று பிரக்கெட் எழுத்தாளர் எட்மண்ட் ஹமில்டனை மணந்தபோது, மாப்பிள்ளைத் தோழனும் பிராட்பரியே. பிற்காலத்தில் தம்பதியர் ஒஹாயோவின் கின்ஸ்மன் என்ற சிற்றூரில் பழைய பண்ணைவீடொன்றில் வாழ்ந்தார்கள். 'ரியோ பிராவோ', 'ஹடாரி', 'எல் டொராடோ' என்று ஜோன் வேய்ன் படங்களுக்கு அவர் எழுதியதெல்லாம் தனிக்கதை.

எங்களுக்கு வேண்டியவர் எரிக் ஜோன் ஸ்டார்க். 1949-ல் பிரக்கெட் படைத்த நாயகன். புதன் கிரகத்துச் சுரங்கக் குடியேற்றத்தில் பெற்றோரை இழந்து, அந்தக் கிரகத்தின் ஆதிக்குடிகளிடம் வளர்கிறான். அவர்கள் வைத்த பெயர் என்'சாகா. குலமில்லாதவன் என்று பொருள். வளர்த்தவர்களைப் பூமியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் கொன்றுவிட்டு, அவனைக் கூண்டில் அடைக்கிறார்கள். சைமன் ஆஷ்டன் என்ற அதிகாரி மீட்டு ஆளாக்குகிறார். புதனின் வெயில் கறுக்கவைத்த தோல் அவனுக்கு. (இதழ்களின் அட்டையில் மட்டும் அவன் வெள்ளையனாகிவிடுவான். ஓவியர்கள் கதையை வாசித்தார்களோ என்னவோ!)

1951-ல் வந்த 'பிளாக் அமசோன் ஒஃப் மார்ஸ்' கதையை, புதிதாகப் பாத்திரம் எழுதுகிற எல்லோருக்கும் சொல்கிறோம். கமார் என்ற செவ்வாய்க் கிரக நண்பன் சாகக் கிடக்கிறான். தன் சொந்த நகரைக் காக்கும் தாயத்தைத் திருடியவன் அவன். அதைத் திருப்பிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஸ்டார்க் வாக்குக் கொடுக்கிறான். தாயத்தின் படிகத்தை நெற்றிப்பொட்டில் வைத்தால், மிகப் பழங்காலத்து மன்னன் ஒருவனின் நினைவுகள் தலைக்குள் வெள்ளமாகப் புகுகின்றன. ஸ்டார்க்குக்கு அதில் பெருமை இல்லை, பயம்தான் வருகிறது. கைநடுங்க எடுத்துவிடுகிறான்.

இதைக் கவனிக்கவேண்டும். அவனுக்குச் சக்தியைக் கற்றுக்கொடுத்த குரு இல்லை, சேர்ந்த சங்கம் இல்லை. ஆனால் அவன் கட்டற்றவனும் இல்லை. கையிலிருப்பது திருட்டுப்பொருள், கழுத்திலிருப்பது செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு, தலைக்குள் நுழைவது வேறொருவனின் நினைவு. பிரக்கெட்டின் இன்னொரு நாயகன், கல்லறைகளைத் துருவும் மத்தியூ கார்ஸ், இதைவிடப் பாவம். சபிக்கப்பட்ட பழைய தேவன் ஒருவன் அவன் மனத்துக்குள்ளேயே குடியேறிவிடுகிறான்.

விளையாட்டை எழுதியவர்களுக்கும் இது புரிந்திருந்தது என்றே நினைக்கிறோம். 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்ட முதல் ஸ்டார் வோர்ஸ் விளையாட்டில் ஃபோர்ஸ் மூன்று திறன்களாகப் பிரிந்திருந்தது: தன்னைக் கட்டுப்படுத்துவது, சுற்றத்தை உணர்வது, வெளியுலகை மாற்றுவது. அதில் தயார்நிலையில் இருந்த பாத்திரங்களில் ஒன்று, தோற்றுப்போன ஜெடாய். 2013-ல் வந்த 'எட்ஜ் ஒஃப் தி எம்பயர்' விளையாட்டில், எந்தத் தொழில் செய்பவரும் ஃபோர்ஸ் உணர்ந்த அகதியாக மாறலாம். அதன் ஃபோர்ஸ் பகடைக்கு 12 முகங்கள். அவற்றில் ஏழு இருட்டுப்பக்கம், ஐந்துதான் வெளிச்சம். இருட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தினால் உடலும் மனமும் களைக்கும், மேசையிலுள்ள விதிப்புள்ளி ஒன்றும் மறுபக்கம் புரளும். சக்திக்கு விலை உண்டு என்பதைப் பகடையே சொல்லிவிடுகிறது. யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மட்டும் பகடை சொல்லாது, ஆடுபவர்தான் எழுதவேண்டும். அதனால் எங்கள் மேசையில் எண்களை நிரப்புவதற்கு முன் அந்தக் கடனைத்தான் கேட்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, தன் பாத்திரம் அம்மம்மாவின் ஒரு மொழியை மறந்துபோவதுதான் விலை என்று எழுதித் தந்தது. அந்த ஆள் இன்னும் மேசையில் இருக்கிறார்.

பிரக்கெட்டின் கடைசி வேலையும் இந்த உலகத்தோடு சேர்ந்ததே. 1977 பிப்ரவரியில் ஹமில்டன் இறந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜோர்ஜ் லூகாஸ் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' திரைக்கதையை எழுதக் கேட்டார். உடலில் புற்றுநோய் இருக்க, 1978 பிப்ரவரியில் முதல் வரைவை முடித்துக் கொடுத்தார். மார்ச் 18 அன்று இறந்தார். திருத்தவோ விவாதிக்கவோ நேரமில்லை. அந்த வரைவில் லூக்கின் தந்தை ஆவியாக வருகிறார், டார்த் வேடர் வேறு ஆள். குருவின் பெயர் மிஞ்ச். பிறகு லூகாசும் லோரன்ஸ் கஸ்டனும் பெரும்பகுதியை மாற்றி எழுதினார்கள்.

படத்தில் அவர் எழுதியது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அதிகம் இல்லை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். அவருடைய மதிப்பை நிறுவ அந்த ஒரு படம் தேவையும் இல்லை. லூகாஸ் அவர் பெயரை எடுக்கவில்லை. 1980-ல் படம் வந்தபோது கஸ்டனின் பெயரோடு பிரக்கெட்டின் பெயரும் திரையில் ஓடியது. அடுத்த ஆண்டு படத்துக்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. அதற்கு முன்பே, 1979-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு நடத்துநர் கையேட்டில், தன்னைத் தூண்டிய எழுத்தாளர்கள் பட்டியலில் கேரி கைகாக்ஸ் அவரையும் சேர்த்திருந்தார். கையேட்டின் பின்னிணைப்பில் இருக்கும் அந்தப் பட்டியலைப் பெரும்பாலானோர் புரட்டுவதில்லை. நம் பிள்ளைகளிடம் பழைய பிரதி இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.