ரயிலடியில் வளர்ந்த புத்தகக் கடை

கடைக்கு இடம் தேடும்போது, ஜனங்கள் வந்து நிற்கும் இடமா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். இந்தக் கணக்கைப் புத்தக வியாபாரத்தில் போட்டு வெற்றி கண்டவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹென்றி ஸ்மித். அன்னாருடைய வரலாறும், அவர் வளர்த்த ஸ்தாபனத்தின் கதையும் வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியவை.

ஸ்மித்தின் பாட்டனார் 1792இல் லண்டனில் ஒரு சிறு பத்திரிகைக் கடை தொடங்கினார். அதே ஆண்டில் காலமானார். பாட்டியார் அன்னா கடையை மூடாமல் நடத்திப் பிள்ளைகளிடம் விட்டுச் சென்றார். 1825இல் பிறந்த ஸ்மித் பாதிரியாராக விரும்பினார். தந்தை இணங்கவில்லை. தம் ஆசையை அடக்கிக்கொண்டு, 1846இல் தந்தைக்குக் கூட்டாளியானார்.

அது ரயில் பாதைகள் பெருகிய காலம். ஸ்டேஷன் கடைகளில் மட்டமான புத்தகங்களே கிடைத்தன. வண்டிக்குக் காத்திருக்கும் பிரயாணியிடம் நேரம் இருக்கிறது, காசும் இருக்கிறது, நல்ல சரக்குத்தான் இல்லை என்பதை ஸ்மித் கண்டுகொண்டார். ரயில் கம்பெனியிடம் குத்தகை எடுத்து, 1848இல் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் முதல் கடையைத் திறந்தார். ஆபாச நூல்களை விற்க மறுத்தார். அதனால் வியாபாரம் படுத்துவிடவில்லை. பெரிய ரயில் பாதைகளிலெல்லாம் அவருடைய கடைகள் பரவின. 1860இல் புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கவும் ஆரம்பித்தார். 1868இல் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். 1877இல் கடற்படை மந்திரியானார். 1891இல் காலமானார்.

அவருக்குப் பின் வந்தது சோதனை. 1905இல் இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள் குத்தகைப் பணத்தை உயர்த்தின. ஸ்தாபனத்தார் இணங்காததால் 200க்கு மேற்பட்ட ஸ்டேஷன் கடைகள் கைவிட்டுப் போயின. பிறர் இடத்தில் கடை வைத்திருப்போருக்கு இந்த வேதனை புரியும். ஆயினும் அவர்கள் முடங்கவில்லை. சில மாதங்களில் ஸ்டேஷன்களை ஒட்டிய கடைத்தெருக்களில் 100க்கு மேற்பட்ட கடைகளைத் திறந்துவிட்டார்கள். வீழ்த்த வந்த அடியே அவர்களை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனால் வாடிக்கைக்காரரின் பழக்கம் மாறியபோது அந்தச் சாமர்த்தியம் கைகொடுக்கவில்லை. பத்திரிகை வாங்குவோர் குறைந்தனர். புத்தகத்தையும் காகிதச் சாமான்களையும் பேரங்காடிகள் மலிவாக விற்றன. பிறகு இணையமும் வந்தது. 2025இல் சுமார் 480 கடைத்தெருக் கடைகள் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. ஸ்மித் என்ற பெயர்ப்பலகையும் அங்கே இறங்கியது.

ஸ்டேஷன் கடைகளும் விமான நிலையக் கடைகளும் அந்த விற்பனையில் சேரவில்லை. பிரயாணி காத்து நிற்கும் இடத்தில் ஸ்மித் போட்ட கணக்கு அவ்வளவு காலம் தாங்கியது. நம்முடைய கடைவாசலில் இன்று எவர் நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்பதை நாமும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.