டிஎஸ்எல் இணையம்: செம்புக் கம்பியின் கணக்கைப் போட்ட ஆலிவர் ஹெவிசைட் யார்?

போன் பேசுற அதே லேண்ட்லைன் ஒயரில் இன்டர்நெட்டும் வருவதுதான் டிஎஸ்எல். குரலுக்கு சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே கம்பி சும்மாதான் கிடக்கிறது. ஏடிஎஸ்எல் மோடம் அந்தக் காலி இடத்தில், சுமார் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை டேட்டாவை ஏற்றி அனுப்புகிறது. போனுக்குப் பக்கத்தில் மாட்டுற குட்டி ஃபில்டர் இரண்டையும் பிரித்துவிடும்.

செம்புக் கம்பிக்குள் எந்த அலை எவ்வளவு தூரம் தாங்கும்? அந்தக் கணக்கைப் போட்டவர் ஆலிவர் ஹெவிசைட். கல்லூரிப் பக்கமே போகாதவர்.

1850-ல் லண்டன் கேம்டன் டவுனில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். சின்ன வயசில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலால் காது சரியாகக் கேட்காது. தந்தித் துறையில் பெரிய ஆளான சார்லஸ் வீட்ஸ்டன், இவருடைய அம்மாவின் சகோதரியைக் கல்யாணம் செய்தவர். அந்தத் தொடர்பில் டென்மார்க்கிலும் பிறகு நியூகாசிலிலும் தந்தி ஆபரேட்டர் வேலை பார்த்தார். 1874-ல் அதையும் விட்டுவிட்டார். வயசு 24. அதன்பின் எந்த வேலைக்கும் போகவில்லை. பெற்றோர் வீட்டு அறையில் உட்கார்ந்து மேக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைத் தானாகவே படித்தார். இன்று இன்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கும் நான்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகள், பெரும்பாலும் இவர் சுருக்கித் தந்த வடிவம்தான்.

அப்போதெல்லாம் தொலைதூர லைனில் குரல் குழம்பிப் போகும். காரணம், வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு வேகத்தில் போகின்றன, வெவ்வேறு அளவில் தேய்கின்றன. கம்பியில் தூண்டலை, அதாவது இன்டக்டன்ஸை, கூட்டினால் குழப்பம் தீரும் என்று 1887-ல் ஹெவிசைட் கணக்கோடு காட்டினார். பிரிட்டிஷ் தபால் துறையின் மூத்த இன்ஜினீயர் வில்லியம் பிரீஸ் நினைத்தது நேர்மாறாக. தூண்டல்தான் எதிரி என்பது அவர் கட்சி. ஹெவிசைட்டும் அண்ணன் ஆர்தரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை வெளிவரவிடாமல் தடுத்தார். அதிகாரத்தில் இருப்பவருக்குக் கணக்கு புரியாவிட்டால் இப்படித்தான்.

1900-ல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பியூபின் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். சுமார் 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக லைனில் 'லோடிங் காயில்' வைத்தார்கள். பேச்சு தெளிவானது. லட்சக்கணக்கான டாலர் பியூபினுக்குப் போனது. ஹெவிசைட்டுக்கு ஒரு காசு வரவில்லை. 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1925 பிப்ரவரியில் டார்க்கியில் ஏணியிலிருந்து விழுந்தபின் இறந்தார்.

விஷயம் இங்கே முடியவில்லை. அந்தக் காயில் குரலைக் காப்பாற்றும். குரலுக்கு மேலே உள்ள அலைகளை அப்படியே வெட்டிவிடும். டிஎஸ்எல்லுக்கு வேண்டியதோ அந்த மேல் அலைகள்தான்! அதனால் டிஎஸ்எல் கொடுக்கும் முன் டெலிபோன் கம்பெனிகள் பழைய லைன்களில் காயிலைத் தேடிக் கழற்ற வேண்டியிருந்தது. காயில் போனாலும் தூரம் விடாது. அதிர்வெண் ஏற ஏறத் தேய்மானமும் ஏறும். அதனால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டில் பறக்கிற டிஎஸ்எல், ஐந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள வீட்டில் நொண்டுகிறது.